சதை டெஸ்ட் லேபில் வேலை: பேத்தாலஜி பக்கம் வர நினைக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டர், "கட்டியை எடுத்தாச்சு, சதை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வரட்டும்" என்பார். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள். அந்த ஒரு வாரமும் அந்தக் கட்டி இருப்பது எங்கள் மேஜையில். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஹிஸ்டோபேத்தாலஜி லேபில், அதாவது சதை டெஸ்ட் செய்யும் லேபில், ஆறு வருடமாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஏற்காடு மலையில் ஒரு காபி எஸ்டேட் கிராமம். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு முன்னால் யாரும் வந்ததில்லை. அதனால் கேட்கவும் ஆள் இல்லை. ஒரு வருடமும் 48,000 ரூபாயும் வீணான பிறகுதான் சரியான வழி தெரிந்தது. இப்போது ஊரில் +2 முடிக்கும் பிள்ளைகள் போன் செய்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

1. எந்த வேலை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

லேப் வேலை என்றாலே ரத்தம் எடுப்பது, சுகர் பார்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹிஸ்டோ லேப் வேறு. உடம்பிலிருந்து எடுத்த சதை, உறுப்பு, கட்டி எல்லாம் இங்கே வரும். அதை அளந்து, எடை போட்டு, விவரம் எழுதி, வேண்டிய இடத்தில் வெட்டிச் சிறு துண்டுகளாக எடுப்பதற்கு குரோஸிங் என்று பெயர். அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போடுவது அடுத்த பாதி. கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் எம்.டி. பேத்தாலஜி படித்த டாக்டர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் "பேத்தாலஜிஸ்ட் அசிஸ்டன்ட்" என்று தனித் தொழிலே இருக்கிறது. குரோஸிங் செய்வது, ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்துப் பார்க்கும் ஃப்ரோஸன் செக்‌ஷனுக்குத் தயார் செய்வது, பிரேதப் பரிசோதனையில் உதவுவது அவர்கள் வேலை. நோயின் பெயரை எழுதுவது அங்கேயும் டாக்டர்தான். நம் ஊர் மருத்துவமனைகளில் இந்தப் பெயரில் படிப்பையும் பதவியையும் தேடி ஏமாறாதீர்கள். இங்கே குரோஸிங்கை டாக்டரும் பி.ஜி. மாணவர்களும் செய்கிறார்கள். பக்கத்தில் நின்று, துண்டுகளை வைக்கும் கேசட் என்ற சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு நம்பர் போட்டு, அளவு எழுதி, வெட்டிய ஓரம் தெரிய மையைத் தடவி, மீதி வேலை முழுவதையும் செய்பவர் லேப் டெக்னீஷியன். நல்ல டாக்டர் கிடைத்தால் பித்தப்பை, குடல்வால் போன்ற சின்ன ஸ்பெசிமன்களை அவர் பார்வையிலேயே நம்மை வெட்டவும் விடுவார்.

ஆக, சேலத்திலிருந்து இந்த வேலைக்கு வரும் வழி மெடிக்கல் லேப் டெக்னாலஜி (எம்.எல்.டி.) படிப்புதான்.

2. பணம் கட்டும் முன் ஒரு நாள் நேரில் பாருங்கள்

தெரிந்த நர்ஸ், மருந்துக் கடைக்காரர், யார் மூலமாகவாவது ஒரு ஹிஸ்டோ லேபில் அரை நாள் நிற்க அனுமதி கேளுங்கள். முதலில் மூக்கில் ஏறுவது ஃபார்மலின், சதை அழுகாமல் இருக்க ஊற்றி வைக்கும் திரவம். கண் எரியும், தொண்டை கரகரக்கும். மார்பகம் முழுதாக, கருப்பை முழுதாக, விரல், கால் என்று எல்லாம் தட்டில் இருக்கும். மயக்கம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் முதல் நாள் வெளியே போய் உட்கார வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. சிலருக்கு ஒரு மாதமானாலும் சரியாகாது. அவர்கள் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பக்கம் போகலாம். படிப்பு ஒன்றேதான்.

ஆஸ்துமா, கடுமையான தோல் அலர்ஜி இருப்பவர்கள் கட்டாயம் ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபார்மலினும், மெழுகு ஏற்றும் முன் பயன்படுத்தும் சைலீன் என்ற ரசாயனமும் தினமும் கூடவே இருக்கும். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் வேலை தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும், அதற்காக.

3. டிப்ளமோவா, டிகிரியா

டி.எம்.எல்.டி. இரண்டு வருட டிப்ளமோ. பி.எஸ்சி. எம்.எல்.டி. மூன்று வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். இரண்டுக்குமே +2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து இருந்தாலும் சரி. வொக்கேஷனல் குரூப் படித்தவர்கள் அந்த ஆண்டின் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டில் (ப்ராஸ்பெக்டஸ்) தகுதிப் பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

சீக்கிரம் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற வீட்டுக்கு டிப்ளமோ நல்லது. நான் அதைத்தான் எடுத்தேன். அந்த நேரத்தில் அதுதான் முடிந்தது. ஆனால் என்றைக்காவது வெளிநாடு போகலாம், மேலே எம்.எஸ்சி. படிக்கலாம் என்ற எண்ணம் ஒரு துளி இருந்தாலும் டிகிரிக்குப் போங்கள். என்னுடன் வேலை செய்யும் தங்கை டிகிரி முடித்தவள். நாங்கள் இருவரும் செய்வது ஒரே வேலைதான். ஆனால் அவளுக்குத் திறக்கும் கதவுகளில் பாதிகூட எனக்குத் திறப்பதில்லை.

இன்னொன்று. இணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதை ஒட்டிப் படிப்பின் பெயர், காலம், பாடத்திட்டம் எல்லாம் மாறிக்கொண்டு வருகின்றன. அக்கா படித்தாள், மாமா படித்தார் என்று பழைய கணக்கில் போகாதீர்கள்.

4. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நான் விழுந்த குழி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

+2 ரிசல்ட் வந்த வாரம். பஸ் நிலையத்தின் அருகே மாடியில் இருந்த ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. "ஒரே வருடத்தில் டி.எம்.எல்.டி., 100 சதவீத வேலை." அப்பா எஸ்டேட்டில் முன்பணம் வாங்கி மூன்று தவணையில் 48,000 கட்டினார். வகுப்பில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருந்தது. மெழுகில் பதித்த சதையைச் சீவும் மெஷினான மைக்ரோடோமைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்தேன். வருட முடிவில் பளபளப்பான சான்றிதழ் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகம் போனால், "இது எந்தப் பல்கலைக்கழகம்மா? பதிய முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிற வரைக்கும், அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

உங்களுக்கு அது வேண்டாம். இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், காகிதத்தில் வாங்குங்கள்.

ஒன்று, சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்? டிகிரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ முறையான நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ இருக்க வேண்டும். டிப்ளமோ என்றால் மாநில மருத்துவக் கல்வித் துறையின் அங்கீகாரம் இருக்க வேண்டும். "அகில இந்திய", "தேசிய கவுன்சில்" என்று பெரிய பெயராக இருப்பதாலேயே அது அரசு அமைப்பு ஆகிவிடாது.

இரண்டு, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரிக்கு இருக்கும், படிப்புக்கு இருக்காது. இப்படி நிறைய நடக்கிறது.

மூன்று, எந்த மருத்துவமனையில் போஸ்டிங், அதாவது செய்முறைப் பயிற்சி? அங்கே ஆபரேஷன் தியேட்டர் தினமும் நடக்கிறதா?

நான்கு, ஹிஸ்டோ லேப் அந்த வளாகத்திலேயே இருக்கிறதா, இல்லை சாம்பிளை வெளியூருக்கு அனுப்புகிறார்களா? அனுப்புகிறார்கள் என்றால் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது பார்சல் கட்டுவதை மட்டும்தான்.

ஐந்து, மாணவர்கள் மைக்ரோடோமில் கை வைக்கலாமா? இதை நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகளை கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

தபால் வழியில் எம்.எல்.டி. என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கையால் கற்க வேண்டிய வேலை இது.

5. சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வையுங்கள்

+2 பரீட்சை முடிந்த கையோடு இதை ஆரம்பியுங்கள். மே, ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். சர்வர் நிற்கும். மலையில் நெட்வொர்க் இன்னும் மோசம். மூடுபனியும் மழையும் இருக்கிற நாளில் இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை நடந்துவிட்டுச் சும்மா திரும்பியிருக்கிறேன்.

வேண்டியவை: 10, +2 மதிப்பெண் பட்டியல்கள் (+1 பட்டியல் இருந்தால் அதுவும்), மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு இருபது. பள்ளிப் படிப்பில் சில வருடம் பெங்களூரு, கேரளா என்று வெளியே படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழும் தேவைப்படும். தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு இடம் மாறியவர்கள் இதைத்தான் கடைசி நாளில் தேடி அலைகிறார்கள்.

ஏற்காடு, கருமந்துறைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. சான்றிதழ்கள் தாலுகா அலுவலகத்திலேயே முடிந்துவிடும். எஸ்.டி. சான்றிதழ் அப்படியில்லை. கோட்டாட்சியர்தான் வழங்குவார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொருவர் அறிக்கையாக மேலே போக வேண்டும். எனக்கு இரண்டரை மாதம் ஆனது. அப்பா, பெரியப்பா, அத்தை, யார் பெயரில் பழைய சான்றிதழ் இருந்தாலும் நகல் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள், விசாரணை சீக்கிரம் முடியும். கவுன்சலிங் மேஜையில் "மலையாளி" என்று பார்த்துவிட்டு "கேரளாவா?" என்று கேட்டால் பதறாதீர்கள். சேலம் மாவட்டத்து மலையாளி, பழங்குடிப் பட்டியலில் இருப்பது என்று நிதானமாகச் சொல்லுங்கள். சான்றிதழ் சரியாக இருந்தால் அத்தோடு முடிந்தது.

எல்லோருக்கும் பொதுவான குழி, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "ஆர். கவிதா", ஆதாரில் "கவிதா ராமசாமி", சாதிச் சான்றிதழில் "ர. கவிதா" என்று இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவார்கள். 10-ஆம் வகுப்புப் பட்டியலில் இருப்பதுதான் அடிப்படை. மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்துத் தனிக் கவரில் வையுங்கள். ஒரிஜினலை கவுன்சலிங் வழியாகக் கிடைத்த கல்லூரியைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் அந்தப் பயிற்சி மையத்தில் கொடுத்த மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்க நான்கு முறை மலை இறங்கினேன்.

6. விண்ணப்பமும் காலக் கணக்கும்

அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு வழியாக ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். நான் சேர்ந்தபோது +2 மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க் போட்டார்கள், நீட் கேட்கவில்லை. உங்கள் ஆண்டின் குறிப்பேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிகிரி படிப்புகளுக்கான அறிவிப்பும் டிப்ளமோவுக்கான அறிவிப்பும் ஒரே நாளில் வராது. டிகிரி அறிவிப்பு பெரும்பாலும் ரிசல்ட் வந்த சில வாரங்களில் வரும், டிப்ளமோ அதற்குப் பின்னால். இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ரேங்க் பட்டியல், கவுன்சலிங், இரண்டாம் சுற்று என்று எல்லாம் முடிய செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடலாம். இந்த நான்கு மாதம்தான் ஆபத்தான காலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜூனிலேயே கலைக் கல்லூரிக்குப் போகும். "நம்ம பிள்ளை சும்மா இருக்கே" என்று வீட்டில் பதறுவார்கள். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் மாடிப் பயிற்சி மையங்கள் நோட்டீஸ் அடிக்கின்றன. பொறுமையாக இருங்கள். கலைக் கல்லூரியில் ஒரு இடம் பிடித்து வைப்பதாக இருந்தால், விலகும்போது டி.சி.யை எத்தனை நாளில் தருவார்கள், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விருப்பப் பட்டியலில் சேலத்துப் பிள்ளைகள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியை முதலில் வைக்கலாம். கல்லூரி இரும்பாலை ரோட்டில் இருக்கிறது, மருத்துவமனை டவுனுக்குள் இருக்கிறது. மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆபரேஷனுக்கு ஆள் வரும் இடம் என்பதால் ஸ்பெசிமனுக்குப் பஞ்சமில்லை. அந்த ஆண்டு அங்கே எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது குறிப்பேட்டிலேயே அச்சாகி இருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் தர்மபுரி, ஈரோடு, நாமக்கல் அரசுக் கல்லூரிகள் பக்கம்தான். பெரிய அரசு மருத்துவமனையில் இரண்டு வருடம் பார்க்கிற வேலை, சின்ன இடத்தில் ஐந்து வருடத்தில்கூடப் பார்க்கக் கிடைக்காது.

7. செலவு

அரசு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. எனக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட விடுதி, சாப்பாடு, வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு நோட்டுக்குத்தான் அதிகம் போனது. மாதம் நாலாயிரம் ரூபாய் கையில் இருந்தால் சமாளிக்க முடிந்தது. இப்போது கூட வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் என்றால் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தேர்வுக் கட்டணம், லேப் கட்டணம், சீருடை, போஸ்டிங் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், வருமானச் சான்றிதழும் புதிதாக வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ். சேர்ந்த பிறகு போட ஆரம்பித்தால், மூன்றாவது டோஸ் வரும் முன்பே ரத்தமும் கத்தியும் உங்கள் கையில் இருக்கும்.

8. படிக்கும்போது கையைப் பழக்குங்கள்

பாடத்தில் ரத்தம், கிருமி, ரசாயனம் எல்லாம் சம அளவில் வரும். ஹிஸ்டோவுக்கு வர நினைக்கிறவர்கள் போஸ்டிங் நேரத்தில் அங்கேயே கூடுதலாக நில்லுங்கள். காலை ஏழரைக்குப் போனால் முந்தின இரவு மெஷினில் ஓடிய கேசட்டுகளை மெழுகில் பதிக்கும் வேலை நடக்கும். எங்கள் சீனியர் அக்கா எனக்கு முதலில் சொல்லித் தந்தது துண்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுதான். தோலைப் படுக்க வைத்துவிட்டால் மேல்தோல் எது, அடித்தோல் எது என்று டாக்டருக்குத் தெரியாது. செங்குத்தாக நிறுத்த வேண்டும்.

அப்புறம் மைக்ரோடோம். மெழுகு பிளாக்கை ஐஸில் குளிர வைத்து, சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். சீவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக வரும். ஒவ்வொன்றும் 3 முதல் 5 மைக்ரான்தான். நம் தலைமுடி அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். பிரஷ் நுனியால் ரிப்பனைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் சுருக்கமெல்லாம் விரிந்து கண்ணாடி மாதிரி மிதக்கும். அடியில் ஸ்லைடைக் கொடுத்து அள்ள வேண்டும். முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றுகூட முழுதாக வரவில்லை. எல்லாம் கிழிந்தது, சுருண்டது. கத்தியில் சின்னப் பல் விழுந்திருந்தால் ரிப்பன் முழுக்க ஒரே கோடு ஓடும் என்பதுகூட அப்போது தெரியாது, என் கைதான் சரியில்லை என்று அழுதிருக்கிறேன். ஐம்பது, நூறு பிளாக் வெட்டிய பிறகுதான் கை பேச ஆரம்பிக்கும்.

தினமும் நோட்டில் எழுதுங்கள்: என்ன ஸ்பெசிமன், நீங்கள் என்ன செய்தீர்கள், டாக்டர் என்ன திருத்தினார். நோயாளியின் பெயரை எழுதக் கூடாது. இன்டர்வியூவில் எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்த நோட்டுதான்.

9. முதல் வேலை

படிப்பு முடிந்ததும் ஐந்து ரோடு, சாரதா காலேஜ் ரோடு பக்கம் இருக்கும் லேப்களில் ரத்தப் பிரிவில் வேலை சுலபமாகக் கிடைக்கும். ஹிஸ்டோ இருக்கும் இடங்கள் குறைவு. முதல் மாதம் எனக்குத் தந்தது 11,500 ரூபாய். இரண்டாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று ரத்தப் பிரிவுக்குப் போய்விட்டால் ஒரு வருடத்தில் மைக்ரோடோம் கை மறந்துவிடும். குறைந்த சம்பளமானாலும் முதல் இரண்டு வருடம் ஹிஸ்டோவிலேயே இருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் "ஹிஸ்டோபேத்தாலஜி" என்ற சொல் இருக்க வேண்டும். வெறும் "லேப் டெக்னீஷியன்" என்று போட்டால் பின்னால் அனுபவத்தை நிரூபிக்க முடியாது. மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், ஒரிஜினல் எங்களிடம் இருக்கட்டும் என்று பாண்டு கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையில் சேர்ந்தபின் ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஸ்பெசிமன் வந்த உடனே ஜாடியைத் திறந்து பாருங்கள். ஒரு நாள் மாலை, வெளியூர் நர்சிங் ஹோமிலிருந்து மார்பகம் ஒன்று வந்தது. வாய் குறுகிய பிளாஸ்டிக் ஜாடியில் அமுக்கித் திணித்திருந்தார்கள். ஃபார்மலின் மேலே மூடும் அளவுக்குத்தான் இருந்தது. சதையின் அளவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே போகும். பெரிய உறுப்பை வெட்டித் திறந்து விடாவிட்டால் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அழுகிவிடும். ஜாடியை வெட்டித்தான் வெளியே எடுத்தோம். வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. டாக்டர் கத்தியை வைத்ததும் உள்ளே சிவப்பாகக் குழைந்து வந்தது, கட்டி இருந்த இடமே அதுதான். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் ஹார்மோன் டெஸ்ட்டை அந்தச் சதையில் நம்பிச் செய்ய முடியாது. அந்த அம்மாவிடம் இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள் என்று கேட்கும் விஷயமா அது? அன்றிலிருந்து நான் சாம்பிள் வரும் எல்லா நர்சிங் ஹோமுக்கும் போன் செய்து, அகல வாய் டப்பா, நிறைய ஃபார்மலின், தியேட்டரிலிருந்து எடுத்த நேரத்தை எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

பெயரும் அப்படித்தான். ஒரே நாளில் இரண்டு லட்சுமி வருவார்கள், இரண்டு பேருக்கும் பித்தப்பை. வயது, நம்பர், ஜாடியின் மேல் லேபிள் (மூடியின் மேல் அல்ல, மூடி மாறும்), கூட வந்த படிவம் எல்லாம் ஒத்துப்போனால்தான் கேசட்டில் நம்பர் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

10. அரசு வேலை, வளைகுடா

தமிழ்நாட்டில் அரசு லேப் டெக்னீஷியன் பணிக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும். அது எந்த மாதம் வரும் என்று கணக்கு வைக்க முடியாது. படிப்பு முடிந்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வாரியத்தின் தளத்தை மாதம் இரு முறை பாருங்கள். 10, +2, டிப்ளமோ மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிட்டுத் தேர்வு செய்த அறிவிப்புகள் இருந்திருக்கின்றன. அதனால் டிப்ளமோவில் சும்மா பாஸ் ஆனால் போதும் என்று இருக்காதீர்கள்.

வளைகுடா நாடுகளில் முறையான சான்றிதழோடு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு, அப்புறம் கம்ப்யூட்டரில் எழுதும் ப்ரோமெட்ரிக் என்ற தகுதித் தேர்வு. டேட்டாஃப்ளோவில் உங்கள் கல்லூரிக்கும் வேலை செய்த இடத்துக்கும் அவர்களே எழுதிக் கேட்பார்கள். பதில் போடாத கல்லூரி, சம்பளத்தைக் கையில் கொடுத்து ரெக்கார்டே வைக்காத லேப் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லிக் கேட்பது இதற்காகத்தான்.

11. அமெரிக்கப் பேத்தாலஜிஸ்ட் அசிஸ்டன்ட் ஆக வேண்டும் என்றால்

முடியாத காரியமில்லை, ஆனால் நீண்ட வழி. அங்கே அது முதுகலைப் படிப்பு, சுமார் இரண்டு வருடம். என்.ஏ.ஏ.சி.எல்.எஸ். என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்தவர்கள்தான் ஏ.எஸ்.சி.பி. என்ற அமெரிக்கப் பேத்தாலஜி சங்கம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுத முடியும். இங்கே எத்தனை வருடம் ஹிஸ்டோவில் இருந்திருந்தாலும் அதைக் காட்டி நேராகத் தேர்வுக்குப் போக வழியில்லை. அப்படி அனுப்புகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

சேர்வதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். உயிரியல், வேதியியல், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் படித்திருக்க வேண்டும். நம் மூன்று வருடப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகமும் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்பிடம் மதிப்பீடு வாங்கிய பிறகுதான் அது தெரியும். இன்டர்ன்ஷிப் வருடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதம், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு வங்கி இருப்பு எல்லாம் அதற்கு மேல். படிப்புச் செலவு ரூபாயில் பல லட்சம். கடன் எடுப்பதாக இருந்தால், படித்து முடித்தபின் அங்கே வேலை செய்யும் அனுமதி எத்தனை மாதம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இதற்காக இப்போதே செய்யக்கூடியது இரண்டு. பி.எஸ்சி. முடித்ததும் முழுப் பாடத்திட்டத்தின் நகலில் கல்லூரி முத்திரை வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் பழைய பாடத்திட்டம் யாரிடமும் இருக்காது. எல்லா வருட மதிப்பெண்களும் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி வாங்கிக் கவரைப் பிரிக்காமல் வையுங்கள். அடுத்தது, உங்களோடு குரோஸிங் மேஜையில் நின்ற டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போகும் முன் அவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாதம், எந்தெந்த ஸ்பெசிமன், தனியாகச் செய்தது எது, பார்வையில் செய்தது எது என்று அவர் எழுத வேண்டும். உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் எழுதித் தந்துவிடுவார்.